அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை எடைக்குப் போடாதீர்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்களுக்கும், ரேடியோ மெக்கானிக்குகளுக்கும், பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழிலாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.



உங்களில் பலரது கடைப் பரணில், துருப்பிடித்த கூம்புக் குழாய்களுக்கும் சுருட்டி வைத்த பழைய வயர்களுக்கும் பின்னால், கனத்த இரும்புப் பெட்டி ஒன்று கிடக்கும். முன்பக்கம் சில குமிழ்கள், மேலே சூடு வெளியேற ஓட்டைகள், உள்ளே கண்ணாடி வால்வுகள். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ அதைக் கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் சுமந்து போயிருப்பார். இன்று அதற்கு வேலை இல்லை. காயலான் கடைக்காரர் வந்து தூக்கிப் பார்த்து, டிரான்ஸ்பார்மரில் இருக்கும் செம்புக் கம்பியின் எடையைக் கணக்குப் போட்டு ஒரு விலை சொல்கிறார். நீங்களும் இடம் காலியானால் போதுமென்று கொடுத்துவிடுகிறீர்கள்.

இனி கொடுக்காதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கொடுக்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேண்டுகோள் மட்டும் வைப்பது முறையல்ல என்பதால், மடல் கொஞ்சம் நீளும். பொறுத்துப் படியுங்கள்.

நான் கிட்டார் வாசிப்பவன். மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடல் குழுவிலும் வாசித்து வளர்ந்தவன். எலக்ட்ரிக் கிட்டாருக்குத் தனியாகக் குரல் கிடையாது. கம்பியின் அதிர்வைப் பிக்கப் பிடித்துக் கொடுக்கிறது, அதை ஒலியாக்கி வெளியே விடுவது ஆம்ப்ளிஃபயர். வாத்தியத்தின் பாதி மரத்தில் இருக்கிறது என்றால் மறுபாதி அந்தப் பெட்டியில் இருக்கிறது. மரத்தைச் செய்தவரை எல்லோரும் கொண்டாடுகிறோம். பெட்டியைச் செய்யத் தெரிந்த உங்களை யாரும் கேட்டதில்லை. நான் கேட்கிறேன்.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்பது முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனி 1960-களின் நடுவில் ‘1974’ என்று எண்ணிட்ட ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரை விற்றது. மொத்தம் 18 வாட். இரண்டு இ.எல்.84, மூன்று இ.சி.சி.83, ரெக்டிஃபயராக ஒரு இ.இசட்.81, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். மேடைகள் பெரிதாகி, எல்லோரும் 50 வாட், 100 வாட் என்று கேட்க ஆரம்பித்ததும் சில ஆண்டுகளிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். 2004-இல் அதே கம்பெனி அதே பெட்டியை, பழைய முறைப்படியே கையால் வயர் இழுத்து, பற்றவைத்து, மறுபடியும் விற்கத் தொடங்கியது. இன்று அதன் விலை நம் ரூபாயில் லட்சத்தைத் தாண்டும். வாக்ஸ் கம்பெனியும் தன் பழைய 4 வாட், 15 வாட் பெட்டிகளைக் கையால் இணைத்து மீண்டும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி ‘சாம்ப்’ என்ற தன் மிகச் சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு அதே மறுபிறவியைக் கொடுத்தது. ஒரு 6வி6, ஒரு 12ஏ.எக்ஸ்.7, ஒரு 5ஒய்3 ரெக்டிஃபயர், 8 அங்குல ஸ்பீக்கர், ஏறத்தாழ 5 வாட். அவ்வளவுதான் அந்தச் சாம்ப். கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் வீட்டில் பழகுவதற்கென்று மலிவாக விற்றது. 1970-இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் ‘லைலா’ இசைத்தட்டுக்காக வாசித்தபோது அவர் பக்கத்தில் இருந்ததும் இந்தச் சின்னச் சாம்ப்தான்.

இந்த வால்வுகளின் பெயர்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. 12ஏ.எக்ஸ்.7 என்று அமெரிக்கர்கள் சொல்வது நீங்கள் அறிந்த இ.சி.சி.83. இ.எல்.84 நம் வீட்டு ரேடியோக்களில் எரிந்த வால்வு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் பெங்களூரில் ரேடியோ வால்வுகளைச் செய்தது, இ.எல்.84-ம் அதில் உண்டு. அந்த முத்திரை பதித்த பழைய வால்வுகள் இப்போது இணையச் சந்தையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பனையாகின்றன. அவர்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். நாம் தராசில் போடுகிறோம். என் வருத்தம் இதுதான்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1938-இல் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அன்று அது ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த ஒரு விவசாய ஊர். ரேடியோக்களைப் பழுது பார்த்தார், இசைத்தட்டு விற்றார், மைக் செட் கட்டி ஊர்ப் பாட்டுக் குழுக்களுக்கு வாடகைக்கு விட்டார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவர்கள் கடைக்கு வந்து குறை சொல்வார்கள், அவர் திருத்திக் கொடுப்பார். அப்படித் திருத்தித் திருத்தித்தான் உலகம் இன்று போற்றும் ஆம்ப்ளிஃபயர்கள் உருவாயின. ஜிம் மார்ஷலும் பெரிய தொழிலதிபராகத் தொடங்கியவர் அல்ல. லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம்ஸ் விற்கும் கடை வைத்திருந்தார். வந்த கிட்டார்க்காரர்கள் நல்ல ஆம்ப்ளிஃபயர் கிடைக்கவில்லை என்று புலம்ப, கடையின் ரிப்பேர்காரர் கென் பிரானும் சகாக்களும் ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ பெட்டியைப் பிரித்துப் பார்த்து, கிடைத்த சாமான்களை வைத்துத் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைக் கட்டினார்கள். ரேடியோ மெக்கானிக்கும் மைக் செட்டுக்காரரும் ரிப்பேர்காரரும்தான் இந்தத் தொழிலைத் தொடங்கியவர்கள். அவர்கள் செய்த வேலை நீங்கள் அன்றாடம் செய்த வேலை. உங்களிடம் இல்லாத எந்த ரகசியமும் அவர்களிடம் இருந்ததில்லை.

அந்தச் சின்னப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது என்று இளைய மெக்கானிக்குகள் கேட்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். கிட்டார் பிக்கப்பிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் ஒரு மெல்லிய மின் அலை. இ.சி.சி.83-க்குள் இரண்டு டிரையோடுகள். முதல் பாதி அலையைப் பெருக்குகிறது. வால்யூம் குமிழைத் தாண்டியதும் இரண்டாம் பாதி இன்னும் பெருக்குகிறது. இ.எல்.84 அதற்குச் சக்தி ஏற்றுகிறது. 5000 ஓமை ஒட்டிய சுமையை எதிர்பார்க்கும் அந்த வால்வை 8 ஓம் ஸ்பீக்கரோடு பொருத்துவது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். ஒலி போகும் பாதை இவ்வளவுதான். ஒரு தாளில் வரைந்துவிடலாம்.

ஆனால் வாசிப்பவன் விரலுக்கு அது தரும் பதில் எளிதில் கிடைக்காதது. மெல்ல மீட்டினால் ஒலி தெளிந்து நிற்கிறது. அழுத்தி மீட்டினால் வால்வு தன் எல்லையைத் தொடுகிறது. அப்போது அலையின் முனை சட்டென்று வெட்டுப்படுவதில்லை. மெதுவாக உருண்டு தட்டையாகிறது. அடிச் சுரத்தோடு அதன் மேல் இழைகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. ரெக்டிஃபயரும் வால்வாக இருந்தால், பலமாக மீட்டிய நொடியில் உள்ளே வோல்டேஜ் சற்று இறங்கி மறுபடி ஏறும். ஒலியும் அதோடு அமுங்கி எழும். பெரிய பெட்டியில் இதைக் கேட்க வேண்டுமானால் தெருவே அதிரும்படி திருப்ப வேண்டும். 5 வாட் பெட்டியில் வீட்டுக் கூடத்திலேயே கேட்கலாம். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினால்தான் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்தக் கணக்கில் 5 வாட் என்பது 50 வாட்டின் பாதிச் சத்தம். ஒரு சிறிய மண்டபத்துக்கும் பஜனைக் கூடத்துக்கும் அது தாராளம்.

கையால் இணைத்தாலே ஒலி இனித்துவிடும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நன்றாக வடிவமைத்த பி.சி.பி. பலகையிலும் நல்ல ஒலி வரும். மோசமாக வயர் இழுத்தால் கைவேலையும் இரையும், விசிலடிக்கும். கையால் இணைத்த பெட்டியின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. டேக் ஸ்ட்ரிப்பில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் கண்டன்சரும் தனித்தனியே கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்திருக்கும். எது எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து போகலாம். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இன்று நீங்கள் வாடகைக்கு விடும் ஆம்ப்ளிஃபயர்களில் போர்டு போனால் என்ன செய்கிறீர்கள்? முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். அந்த போர்டு கிடைக்காவிட்டால் முழுப் பெட்டியும் குப்பை. ரிப்பேர்காரர் என்ற நிலையிலிருந்து உங்களைப் பெட்டி மாற்றித் தருபவராக ஆக்கிவிட்டார்கள். திறந்து படிக்கவும் திருத்தவும் இடம் தரும் ஒரு பொருளை மறுபடி செய்வது, உங்கள் தொழிலின் மரியாதையை மீட்டெடுக்கும் வேலையும் ஆகும்.

இந்த மண்ணுக்கு அந்தத் திறமை புதிதல்ல. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கிய பின் காவிரிப் படுகையின் ஊர்களில் ரேடியோக்கள் பெருகின. ரேடியோ வந்த இடத்துக்கு மெக்கானிக்கும் வந்தார். டெல்லியில் 1940 முதல் இயங்கும் அகுஜாவின் பெட்டிகள் ஊருக்கு ஊர் ஒலித்தன. அதை வாங்க முடியாதவர்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து சாமான் வாங்கிவந்து தாங்களே அசெம்பிள் செய்தார்கள். சேஸிஸில் ஓட்டை போட்டு, சாக்கெட் பொருத்தி, டிரான்ஸ்பார்மரை எந்தப் பக்கம் திருப்பினால் ஹம்மிங் குறையும் என்று காதாலேயே கண்டுபிடித்தவர்கள் அவர்கள். அவர்களில் பலர் இன்று இல்லை. இருப்பவர்களுக்கும் கண் மங்குகிறது, கை நடுங்குகிறது. அவர்களுக்குத் தெரிந்தது எந்த நோட்டுப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. பெட்டி காயலான் கடைக்குப் போவது பாதி இழப்புதான். அதைக் கட்டியவரோடு அந்த அறிவும் போவதுதான் முழு இழப்பு.

காயில் கட்டும் தோழர்களே, உங்களை இந்த மடலில் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. குறுவைக்கு போர்வெல் மோட்டார்கள் இரவு பகலாக ஓடி, லோ வோல்டேஜில் எரிந்து உங்கள் கடைக்கு வருகின்றன. கம்பியின் கேஜ் பார்ப்பது, சுற்று எண்ணுவது, அடுக்குக்கு அடுக்கு இன்சுலேஷன் தாள் வைப்பது, வார்னிஷில் முக்கிக் காயவைப்பது எல்லாம் உங்கள் கைக்குப் பழக்கம். உங்களில் சிலர் ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மரும் சுற்றுகிறீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரில் விலை அதிகமானதும், கிடைக்க அரிதானதும் டிரான்ஸ்பார்மர்தான். அதை நீங்கள் இங்கேயே சுற்ற முடியும். ஒற்றை இ.எல்.84-க்கான அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஏறத்தாழ 25-க்கு 1 என்ற சுற்று விகிதம் போதும். டி.சி. மின்னோட்டம் அதன் வழியே ஓயாமல் ஓடுவதால், ‘ஈ’ தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் ‘ஐ’ தகடுகளை மறுபக்கமும் அடுக்கி, நடுவே மெல்லிய தாள் வைத்து இடைவெளி விட வேண்டும். வழக்கம்போல மாற்றி மாற்றி அடுக்கினால் இரும்பு நிறைவுற்று ஒலி இளைத்துவிடும். பவர் டிரான்ஸ்பார்மரில் 200, 230, 250 என்று டேப்பிங் எடுத்துவிட்டால் நம் ஊர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் அது ஈடுகொடுக்கும். வெளிநாட்டு மறுபதிப்பு எதிலும் படுகையின் சாயங்கால வோல்டேஜை நினைத்துச் சுற்றிய டிரான்ஸ்பார்மர் கிடையாது. நீங்கள் சுற்றினால்தான் உண்டு.

யாருக்கு இது வேண்டும் என்பீர்கள். கிட்டார் வாசிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களை நம்பி ஒரு தொழிலா என்று கேட்பது நியாயம்தான். அதனால் வீணையைப் பற்றியும் சொல்கிறேன். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பலா மரத்தைக் குடைந்து, 24 பித்தளை மெட்டுகளை மெழுகில் பதித்து நம் ஊர்க் கைவினைஞர்கள் செய்யும் அந்த வாத்தியம் கச்சேரி மேடையில் எப்படிக் கேட்கிறது? குடத்தில் ஒரு பிக்கப்பை ஒட்டி, வயரை மிக்ஸரின் ஏதோ ஒரு நுழைவில் செருகி, ஆயிரம் வாட் பெட்டிகளில் விடுகிறோம். தகரம் தட்டியதுபோல் வந்தால் வீணையைக் குறை சொல்கிறோம். பீசோ வகைப் பிக்கப்புக்கு ஒரு மெகாஓமுக்குக் குறையாத நுழைவு வேண்டும். குறைந்த ஓம் நுழைவில் கொடுத்தால் கீழ்ஸ்தாயி செத்துவிடும். வால்வின் கிரிட்டுக்கு முன்னால் நாம் வழக்கமாக வைப்பதே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர்தான். வாத்தியமும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

கிட்டாருக்கான சர்க்யூட்டை அப்படியே வீணைக்கு வைக்க முடியாது என்பதும் உண்மை. கிட்டாரில் உடைந்த ஒலி அழகு. வீணையில் அது ஆகாது. கமகத்துக்குக் கம்பியை இழுக்கும்போது சுரம் தெளிவாக, அறுபடாமல் நிற்க வேண்டும். ஆகவே பெருக்கத்தைக் குறைத்து, நெகட்டிவ் ஃபீட்பேக் கொஞ்சம் சேர்த்து, நல்ல அகலமான ஸ்பீக்கர் போட்டு, வித்வான் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். லியோ ஃபெண்டர் தன் ஊர்க் கிட்டார்க்காரர்களுக்குச் செய்தது அதுதான். இதை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் நமக்குச் செய்து தராது. வீணை செய்பவரும் வாசிப்பவரும் ஆம்ப்ளிஃபயர் கட்டத் தெரிந்தவரும் ஒரே பேருந்துத் தூரத்தில் வாழும் இடம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன்.

வெளியிலிருந்து வந்ததை ஏற்று நம்முடையதாக்குவது இந்த மண்ணின் பழைய குணம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலின் வாசித்தவர். எலக்ட்ரிக் மாண்டலினில் யு. ஸ்ரீனிவாஸ் வாசித்ததைக் கேட்ட பிறகு, அது நம் வாத்தியமா என்று யாரும் வாதாடவில்லை. அந்த வரிசையில் வாத்தியத்தின் மறுபாதியான ஆம்ப்ளிஃபயரையும் நம்முடையதாக்குவோம் என்கிறேன்.

சத்தத்தைப் பற்றியும் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். உங்கள் மேல் எனக்கு இருக்கும் குறை அது ஒன்றுதான். யாரிடம் அதிக வாட், யாரிடம் பெரிய பெட்டி என்று ஊருக்கு ஊர் போட்டி நடக்கிறது. வாடகைக்குக் கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதும், மறுத்தால் வேறு செட்டைத் தேடிப் போய்விடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சட்டம் என்ன சொல்கிறது? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. இந்த விதிகளால் அபராதம் கட்டுவதும், பெட்டி பறிமுதலாவதும் உங்களுக்குத்தான் நேர்கிறது. பெட்டியை வாடகைக்கு எடுத்தவருக்கு அல்ல. பெரும் சத்தத்தை மட்டும் நம்பிய தொழில் ஒவ்வொரு ஆண்டும் நெருக்கடியில் மாட்டுகிறது. நல்ல ஒலியை நம்பும் ஒரு சிறிய கிளையையும் வைத்துக்கொள்ளுங்கள். வீணைக் கச்சேரிக்கும் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும் பஜனைக்கும் தேவாலயத்துக்கும் காதைக் குடையாத ஒரு சிறிய செட் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். கேட்க ஆள் வருவார்கள்.

வால்வு கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இ.எல்.84-ம் இ.சி.சி.83-ம் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. விலை ஏறி இறங்கும் என்பது உண்மை. 2022-இல் ரஷ்யாவிலிருந்து வரத்து தடைப்பட்டபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டே வால்வு என்ற அளவில் நாம் தொடங்குவதால் அதைச் சமாளிக்கலாம். உங்கள் பரண்களில் இருப்பவற்றைச் சோதித்துப் பத்திரப்படுத்தினால் இன்னும் எளிது. அந்தப் பெட்டிகளை எடைக்குப் போட வேண்டாம் என்று நான் கெஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி என் வேண்டுகோள்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பரணில் இருப்பதை இறக்குங்கள். துடையுங்கள். எடுத்தவுடனே கரண்டில் செருகாதீர்கள். பல ஆண்டு உறங்கிய ஃபில்டர் கண்டன்சர்கள் வெடிக்கலாம், டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து எரித்துவிடலாம். சீரிஸ் பல்பு போட்டு, வால்வுகளைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மர் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தாளில் வரையுங்கள். வரைய வராவிட்டால் செல்போனில் படம் எடுங்கள். எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டியவர் உயிரோடு இருந்தால் அவரை உட்காரவைத்து, ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகள் கையில் இருக்கும் செல்போன் அதற்குப் போதும்.

மூன்றாவது, ஒரு இ.சி.சி.83, ஒரு இ.எல்.84 கொண்ட 5 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உங்கள் கையால் புதிதாகக் கட்டுங்கள். சர்க்யூட்டுக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இந்த வகைச் சுற்றுகள் வால்வுக் கம்பெனிகளின் கையேடுகளில் அந்தக் காலத்திலேயே அச்சானவை. ஃபெண்டரும் அவற்றிலிருந்துதான் தொடங்கினார்.

நான்காவது, கற்றதை இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். இதற்கு வழி நம் படுகையே காட்டியிருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அழிந்தது என்று எழுதிவைத்த ரகங்கள் அப்படித்தான் வயலுக்குத் திரும்பின. 2018-இல் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் முளைத்துக்கொண்டிருக்கின்றன. சர்க்யூட்டுக்கும் அந்த முறையையே வைப்போம். ஒருவர் ஒரு செட் சாமானும் ஒரு வரைபடமும் வாங்கிப் போகட்டும். கட்டி முடித்ததும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஐந்தாவது, மார்கழியில் ஒரு நாள் தஞ்சாவூரில் கூடுவோம். கல்யாணம் இல்லாத மாதம். விடியற்காலைக் கோயில் பாட்டு முடிந்துவிட்டால் பகலில் உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு இருக்கும். அவரவர் பழைய பெட்டியையும் புதிதாகக் கட்டியதையும் கொண்டுவாருங்கள். வீணை வாசிப்பவர்களையும் கிட்டார் வாசிப்பவர்களையும் அழைத்துவரும் பொறுப்பு என்னுடையது. இதே ஊரில் ஆபிரகாம் பண்டிதர் 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்வான்களைக் கூட்டி, சுருதியைப் பற்றிய வாதங்களை வாசித்துக் காட்டியும் அளந்து பார்த்தும் ஆராய்ந்தார். நாமும் வாசித்துக் கேட்போம், மீட்டர் வைத்து அளப்போம், எது நன்றாக ஒலிக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவு செய்வோம். தமிழ்ப் பல்கலைக்கழகமும் தென்னகப் பண்பாட்டு மையமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. நாம் ஒன்று செய்து காட்டினால் அவற்றின் கதவைத் தட்டலாம். வெறுங்கையோடு போனால் யாரும் திறக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் முடிப்பது பாவம். வால்வு வேலை தெரிந்த பெரியவர்களுக்கு இது தேவையில்லை; ஆர்வத்தில் இறங்கும் இளைஞர்கள் கவனமாகப் படியுங்கள். இந்தப் பெட்டிக்குள் 250 முதல் 300 வோல்ட் வரை டி.சி. இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் சார்ஜ் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். சேஸிஸுக்கு எர்த் கட்டாயம். பவர் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் லைனை நேரே எடுத்து ஓடும் பழைய ஏ.சி./டி.சி. ரேடியோக்களைக் கிட்டாருக்கு மாற்றவே கூடாது. அதில் கம்பியைத் தொடுகிறவன் லைனைத் தொடுகிறான். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் தனியாகத் திறக்காதீர்கள். பெரியவர்களே, அந்தத் தெரிந்தவர் நீங்கள்தான். நீங்கள் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அடுத்தவன் பாதியைத் தெரிந்துகொண்டு ஆபத்தில் இறங்குவான்.

உங்களைப் பணக்காரர்களாக்கும் திட்டம் என்னிடம் இல்லை. ஆண்டுக்குச் சில பெட்டிகள் விற்றாலே அதிகம். ஆனால் உங்கள் தொழிலில் உங்கள் பெயரைச் சொல்லி நிற்கும் ஒரு பொருள் இருக்கும். வாடகைக்குப் போய் வருவதோடு முடியாமல், வாசிப்பவர் தன் வாத்தியத்தோடு சேர்த்து வைத்துப் போற்றும் ஒரு பொருள். அதன் பின்பக்கத்தில் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கும்பகோணம் என்றோ மன்னார்குடி என்றோ திருவையாறு என்றோ ஊர்ப்பெயர் எழுதியிருக்கட்டும். பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று வாங்கியவருக்குத் தெரியும்.

உங்கள் பகுதிக்கு அடுத்த முறை காயலான் கடை வண்டி வரும்போது, இரும்பைக் கொடுங்கள், பித்தளையைக் கொடுங்கள், பழைய வயரைக் கொடுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரை மட்டும் கொடுக்காதீர்கள். அதைக் கட்டியவரைத் தேடிப் போங்கள். அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கிட்டார் வாசிப்பவன்,
தஞ்சாவூர்